மார்கஸ் டுப்ரீயை எல்லாரும் விரும்பினார்கள்

1964 மே 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியா என்கிற ஊரில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பென்சில்வேனியாவில் இருக்கிற பெரிய நகரம் வேறு. இது ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த சின்ன ஊர். குழந்தை பிறந்து சரியாக முப்பதாம் நாள், ஜூன் 21 இரவு பத்து மணிக்கு மேல், அதே ஊர்ச் சிறையிலிருந்து மூன்று இளைஞர்களை வெளியே விட்டார்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பினத்தவர். ஆண்ட்ரூ குட்மேனும் மைக்கேல் ஷ்வெர்னரும் நியூயார்க்கிலிருந்து வந்த யூதர்கள். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இருந்தவர்கள். வெள்ளை வெறியர்கள் எரித்துவிட்ட ஒரு தேவாலயத்தைப் பார்க்க வந்த இடத்தில், துணை ஷெரீஃப் செசில் பிரைஸ் அவர்களைக் கைது செய்திருந்தார். விடுவிக்கப்பட்டவர்களைத் துரத்திப் பிடித்ததும் அதே பிரைஸ்தான். பிடித்து கு க்ளக்ஸ் க்ளான் கும்பலிடம் ஒப்படைத்தார். மூன்று பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாற்பத்து நான்கு நாள் கழித்து, புதிதாகக் கட்டிய ஒரு மண் அணைக்கடியில் உடல்கள் கிடைத்தன.

இந்த மூவரையும் நம்மில் பலருக்குத் தெரியும். 'மிசிசிப்பி பர்னிங்' படம் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்த மே மாதக் குழந்தையைத்தான் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர் பெயர் மார்கஸ் டுப்ரீ.

நான் விளையாட்டுப் பைத்தியம் கிடையாது, கிரிக்கெட் ஸ்கோர்கூடக் கேட்க மாட்டேன். எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது இந்தக் கொலை வழக்கைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வில்லி மோரிஸ் என்கிற மிசிசிப்பி எழுத்தாளர் 1983இல் டுப்ரீயைப் பற்றி எழுதிய புத்தகம் கண்ணில் பட்டது. கொலை நடந்த ஊரின் பெயர் ஒரு விளையாட்டு வீரரைப் பற்றிய புத்தகத்தில் ஏன் வருகிறது என்று யோசித்துத்தான் உள்ளே போனேன். இன்று வரை வெளியே வரவில்லை. காரணம் என் வேலை. ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, நாங்கள் வேலை செய்யும் காலனிகளிலிருந்து யாராவது ஒரு பிள்ளை போன் செய்வாள். "அக்கா, காலேஜ்ல இருந்து கோச் சார் வீட்டுக்கே வந்திருக்காரு. ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டாம். ஃபீஸ் இல்லையாம். கையெழுத்து போடட்டுமா?" அந்த போன் வரும்போதெல்லாம் எனக்கு டுப்ரீ ஞாபகம் வருகிறார்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் டச் டவுன். 'ரன்னிங் பேக்' என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு, தன்னை அமுக்க வரும் மலை மலையான ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவர். கபடி தெரிந்தவர்கள் ரைடரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவரை அமுக்குகிறவர்கள் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவார்கள். முழங்காலும் தலையும்தான் முதலில் போகும். உடம்பு சீக்கிரம் தேய்கிற இடம் அது.

டுப்ரீயின் அம்மா பள்ளி ஆசிரியர். 1954இலேயே கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிசிசிப்பி அதைப் பதினைந்து வருடம் இழுத்தடித்தது. 1969 அக்டோபரில் நீதிமன்றம் 'இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது' என்கிற ரீதியில் உத்தரவிட்ட பிறகுதான் 1970இல் கதவு திறந்தது. பல ஊர்களில் வெள்ளைக்காரப் பெற்றோர் ராத்திரியோடு ராத்திரியாகத் தனியார் பள்ளிகளைத் தொடங்கித் தங்கள் பிள்ளைகளை அங்கே மாற்றினார்கள். தனியார் பள்ளி எப்போதெல்லாம் முளைக்கிறது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மார்கஸ் முதல் வகுப்பில் சேரும் வயதுக்கு வந்தபோது அந்தக் கதவு அப்போதுதான் திறந்திருந்தது.

பன்னிரண்டு வருடம் கழித்து அவர் பள்ளியை முடித்தபோது ஆறடி மூன்றங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. அந்த உடம்போடு, பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவர்களில் ஒருவர். ஃபிலடெல்ஃபியா உயர்நிலைப் பள்ளிக்காக 5,284 யார்டு ஓடினார். மொத்தம் 87 டச் டவுன். அதற்கு முன் ஜார்ஜியாவின் ஹெர்ஷல் வாக்கர் 86 எடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கு ஊரே வந்தது. வெள்ளைக்காரர்களும் கறுப்பினத்தவரும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து ஒரே பையனுக்காகக் கத்தினார்கள். அவருடைய அணியில் இன்னொரு பையன் இருந்தான். துணை ஷெரீஃப் செசில் பிரைஸின் மகன். இருவரும் நண்பர்கள்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி சட்டென்று கேட்டான்: "அப்போ விளையாட்டு சாதிய ஒழிச்சிடுமா அக்கா?" நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் மைதானத்துக்கு வெளியே அதே வருடங்களில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும்.

கொலைக்காக மாநில அரசு யார் மீதும் வழக்குப் போடவில்லை. மத்திய அரசுதான் 'குடியுரிமைகளைப் பறிக்கச் சதி செய்தார்கள்' என்று வழக்குப் போட்டது. 1967இல் ஏழு பேருக்குத் தண்டனை. யாருமே ஆறு வருடத்துக்கு மேல் உள்ளே இருக்கவில்லை. பிரைஸ் சுமார் நாலரை வருடத்தில் வெளியே வந்து அதே ஊரில் வாழ்ந்தார். 1980 ஆகஸ்டில் ரொனால்ட் ரீகன், குடியரசுக் கட்சி வேட்பாளரான கையோடு, இந்த ஊருக்கு வெளியே நடக்கும் நெஷோபா கவுண்டி சந்தையில் பேசினார். 'மாநிலங்களின் உரிமை' தனக்கு நம்பிக்கை உண்டு என்றார். தெற்கில் அந்தச் சொல் யாருடைய சொல் என்று அங்கே கூடியிருந்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கதவைச் சாத்தி வைத்தவர்கள் பதினைந்து வருடமாகச் சொன்ன சொல் அது. மார்கஸுக்கு அப்போது பதினாறு வயது. அந்த வட்டாரமே அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்த நேரம்.

சதியைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான எட்கர் ரே கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2005 ஜூன் 21 அன்று. நாற்பத்தொரு வருடம். ஃபிலடெல்ஃபியாவுக்கு முதல் கறுப்பின மேயர் வந்தது 2009இல். ஆக, 1981இல் ஒரு கறுப்பினப் பையன் அந்த ஊருக்கே செல்லப் பிள்ளையாக இருக்க முடிந்தது. அந்த ஊரில் மூன்று பேரைக் கொன்றவர்கள் கொலைக் குற்றம் சாட்டப்படாமல் கடைவீதியில் நடக்கவும் முடிந்தது. இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே தெருவில்.

இனி கல்லூரிகள் வந்த கதை. 1981 இலையுதிர்காலத்திலிருந்து 1982 பிப்ரவரி வரை நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் அந்தச் சின்ன ஊருக்குப் படையெடுத்தார்கள். போன், கடிதம், வீட்டு வாசலில் கார். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் லூசியஸ் செல்மன் ஊரில் ஒரு விடுதியில் அறை எடுத்து வாரக்கணக்கில் தங்கினார். செல்மனும் கறுப்பினத்தவர், அதே பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திரம். அதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் உட்கார்ந்து பேச யாரை அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருந்தது.

பதினேழு வயதுப் பையன். அவனைச் சுற்றி நடுவயது ஆண்கள் நின்று கெஞ்சுகிறார்கள். கெஞ்சல் உண்மையானதுதான். ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் யார் கெஞ்சவேண்டும் என்பது மாறிவிடுகிறது. போடும்வரை வீரனுக்கு இருக்கும் செல்வாக்கு, போட்டபின் கல்லூரிக்குப் போய்விடுகிறது. அப்போதைய விதிப்படி ஸ்காலர்ஷிப் என்பது ஒரு வருடத்துக்கு மட்டும். 1973இல் அப்படி மாற்றியிருந்தார்கள். அடுத்த வருடம் புதுப்பிப்பதும் விடுவதும் கல்லூரியின் கையில். வீரர் வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால் ஒரு பருவம் முழுவதும் ஆடாமல் உட்கார வேண்டும். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் தவிர ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பயிற்சியாளர் சம்பளம் வாங்கலாம், வேறு கல்லூரிக்கு எப்போது வேண்டுமானாலும் தாவலாம்.

மார்கஸ் ஒக்லஹோமாவைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டதும் உங்களில் சட்டம் படிப்பவர்களுக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வரவேண்டும்: ஜார்ஜ் மெக்லாரின். 1948இல் நீதிமன்ற உத்தரவோடு அங்கே முனைவர் பட்டம் படிக்கச் சேர்ந்த கறுப்பின ஆசிரியர், அறுபது வயதைத் தாண்டியவர். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பறைக்குள் இல்லை. வகுப்பை ஒட்டிய பக்க அறையில் ஒரு நாற்காலி. நூலகத்தில் தனி மேசை. உணவகத்தில் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில் தனி இடம். இதைப் படிக்கும்போது எனக்கு சத்தாராவில் சாக்குப்பையின் மேல் தனியே உட்கார வைக்கப்பட்ட ஒரு பள்ளி மாணவர் நினைவுக்கு வந்தார். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1950 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்லாரினை அப்படி உட்கார வைத்தது செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னது. ஆறு வருடம் கழித்து, 1956இல், பிரென்டிஸ் காட் என்கிற முதல் கறுப்பின ஃபுட்பால் வீரர் அங்கே சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் படிப்புச் செலவுக்கு ஒக்லஹோமாவின் கறுப்பின மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1982இல் அதே பல்கலைக்கழகம் ஒரு கறுப்பினப் பையனுக்காக விடுதியில் அறை போட்டுக் காத்திருந்தது. இடையில் இருந்த முப்பத்திரண்டு வருடத்தில் நடந்த மாற்றத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது போராடி வாங்கியது.

முதல் வருடமே டுப்ரீ பெரிய நட்சத்திரமானார். பருவத்தின் தொடக்கத்தில் அதிகம் இறக்கவில்லை, பிறகு அவரைச் சுற்றியே ஆட்டத்தை அமைத்தார்கள். பருவத்தின் கடைசி ஆட்டம் 1983 ஜனவரி 1, அரிசோனாவில் ஃபியஸ்டா பௌல். எதிரணி அரிசோனா ஸ்டேட். டுப்ரீ பதினேழே முறை பந்தை வாங்கி 239 யார்டு ஓடினார். தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டு ஆட்டத்தின் ஒரு பகுதியில் வெளியே உட்கார வேண்டியிருந்தும் அவ்வளவு. ஆனால் ஒக்லஹோமா 32-21 என்று தோற்றது.

தலைமைப் பயிற்சியாளர் பாரி ஸ்விட்சர் ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்களிடம் அவரைக் குறை சொன்னார். உடம்பை ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் எவ்வளவோ ஓடியிருப்பான் என்றார். அந்தக் கோடையில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் இருவருக்குமான மோதலை அட்டையில் போட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் நாடு முழுக்க 'சோம்பேறி' ஆனான்.

இங்கே எங்கள் வட்டத்தில் பெரிய விவாதம். "உடம்ப வெச்சிக்காதது அவர் தப்புதானே? எல்லாத்துக்கும் அமைப்பையே குறை சொல்லலாமா?" என்று கேட்டது ஒரு பி.எஸ்சி. மாணவி, தானே ஓட்டப்பந்தய வீராங்கனை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டுப்ரீ எடை போட்டிருந்தார், பயிற்சியில் சிரத்தை குறைந்திருந்தது. ஸ்விட்சரும் சினிமா வில்லன் இல்லை. கறுப்பின வீரர்களை மற்ற பலரைவிடத் தாராளமாகச் சேர்த்தவர் என்று பெயர் வாங்கியவர். பின்னாளில் டுப்ரீயைக் கையாண்ட விதம் குறித்து வருத்தமும் சொல்லியிருக்கிறார். நான் அவளிடம் சொன்னது இதுதான். பத்தொன்பது வயதில் ஒருவன் கொஞ்சம் குண்டாகலாம், கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம், வீட்டு ஞாபகத்தில் அழலாம். அதற்கெல்லாம் இடமிருக்கும் வாழ்க்கை ஒன்று உண்டு. அப்பாவுக்குத் தொழில் இருக்கிற வீட்டுப் பையன் ஒரு வருடம் அரியர் வைத்தால் 'விளையாட்டுத்தனம்' என்பார்கள். நம் பிள்ளை ஒரு பேப்பர் அரியர் வைத்தால் 'கோட்டா' என்பார்கள். டுப்ரீக்குத் தடுமாற இடமே வைக்கப்படவில்லை.

1983 அக்டோபரில் டெக்சாஸுக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. ஊருக்குப் போனவர் ஒக்லஹோமாவுக்குத் திரும்பவில்லை. சொந்த மாநிலத்திலேயே இருக்கும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறப் பார்த்தார். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதியைக் காட்டியது. அடுத்த 1984 பருவம் முழுக்க ஆட முடியாது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்., கல்லூரிக் காலம் முடியாதவர்களை அப்போது எடுக்காது. வயது பத்தொன்பது. உடம்பு உச்சத்தில் இருக்கிறது. எங்கும் ஆடக் கூடாது.

எனக்கு இந்தக் கதையிலேயே மிக முக்கியமாகப் படுவது அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வழக்கு. எந்த ஆட்டத்தை டிவியில் காட்டலாம், ஒரு கல்லூரி எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் அன்று என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. எங்கள் ஆட்டத்தை நாங்களே யாருக்கு வேண்டுமானாலும் விற்போம், அதைத் தடுப்பது வணிகப் போட்டிக்கு எதிரானது என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. ஒன்று ஜார்ஜியா. இன்னொன்று ஒக்லஹோமா. 1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஒக்லஹோமா பக்கம் தீர்ப்பளித்தது. டுப்ரீ ஆடிய ஆட்டத்தை விற்கும் சுதந்திரம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அந்த ஆட்டத்தை ஆடியவர் சொந்த மாநிலத்துக் கல்லூரிக்கு மாற முடியவில்லை. அன்று பெருகத் தொடங்கிய டிவி பணம் இன்று ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர்.

வீரர்களுக்கு ஏன் கூலி இல்லை? அதற்கு ஒரு சொல் இருந்தது: 'ஸ்டூடன்ட் அத்லெட்', அதாவது மாணவ வீரர். கேட்க மரியாதையாக இருக்கிறது. 1955இல் கொலராடோவில் ரே டென்னிசன் என்கிற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலை செய்யும் இடத்தில் இறந்த தொழிலாளிக்குரிய இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்குப் போட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் ஊழியர் இல்லை என்று மறுத்தது. இந்த மாதிரி வழக்குகளைச் சமாளிக்கத்தான் அந்தச் சொல்லை உருவாக்கினோம் என்று, பல பத்தாண்டுகள் என்.சி.ஏ.ஏ.வை நடத்திய வால்டர் பையர்ஸே 1995இல் எழுதினார். அதே புத்தகத்தில் கல்லூரி விளையாட்டை அவர் அடிமைத் தோட்ட மனநிலையோடு ஒப்பிட்டார். ஓய்வு பெற்றபின் வந்த ஞானம். 'தொழிலாளி' என்று சொல்லிவிட்டால் சட்டம் உள்ளே வந்துவிடும். அதனால் அன்பான வேறு பெயர். நம் ஊரிலும் 'பண்ணையத்து ஆள்' என்று கூலியில்லாமல் வேலை வாங்கியவர்கள், 'எங்க வீட்டுப் புள்ள மாதிரி' என்றுதான் சொன்னார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984இல் யு.எஸ்.எஃப்.எல். என்கிற புதிய லீகில் நியூ ஆர்லியன்ஸ் அணி அவரை எடுத்தது. ஒப்பந்தம் பெரிய தொகை என்று செய்தி வந்தது. அதில் அதிகம் அவர் கையில் தங்கவில்லை. 1985 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. இன்னும் இருபத்தொன்று ஆகவில்லை. ஐந்து வருடம் கழித்து, எல்லாரும் மறந்தபிறகு, எடையைக் குறைத்து, உடம்பை மறுபடி கட்டி, 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியில் இடம் பிடித்தார். சோம்பேறி என்று சொன்ன யாரும் இந்தப் பகுதியை அதிகம் பேசுவதில்லை. இரண்டு பருவங்களில் பதினைந்து ஆட்டம், 251 யார்டு, ஒரு டச் டவுன். அதோடு முடிந்தது. 2010இல் ஈ.எஸ்.பி.என். எடுத்த ஆவணப்படத்தில் அவர் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தில் கசப்பு இல்லை. படம் பார்த்த எங்களுக்குத்தான் இருந்தது.

இதையெல்லாம் சொல்லி 'காலேஜ் சீட்டை வாங்காதே' என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் காலனிப் பெண் ஒருத்தி கபடிக்காகச் சீட்டு வாங்கினாள். கையெழுத்துப் போடும்முன் அவளும் நானும் அவள் அம்மாவும் போய் உட்கார்ந்து கேட்டோம். அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனால் ஃபீஸ் விலக்கு மூன்று வருடமும் தொடருமா? டோர்னமென்ட்டுக்குப் போன நாள் வருகைப் பதிவில் எப்படி எழுதப்படும்? கோச் சாருக்குக் கோபம் வந்தது. "இவ்ளோ கேக்குறவங்க இங்க யாரும் வந்ததில்ல" என்றார். கடைசியில் இரண்டை மட்டும் எழுத்தில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு பற்றி வாயால்தான் சொன்னார்கள். அவள் சேர்ந்தாள், ஆடிக்கொண்டிருக்கிறாள்.

அமெரிக்காவில் விதிகள் இப்போது உடைந்துகொண்டிருக்கின்றன. 2021 ஜூன் 21 அன்று, ஆம், அதே தேதியில், ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஷான் ஆல்ஸ்டன் வெஸ்ட் வர்ஜீனியாவில் ஆடிய ஒரு ரன்னிங் பேக். அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்கிற விதியும் போய்விட்டது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர் வரை. பழைய பாக்கியாகவும் 200 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுக்கிறார்கள். 2016 முதல் ஆடியவர்களுக்கு.

டுப்ரீ ஆடியது 1982, 1983.